465.75 ஜிபி என்று காட்டிய 4 டிபி வன்தட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

திருமணப் படங்கள் எடுக்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எங்களிடம் வந்தபோது அதற்கு வெளிப்பெட்டி இல்லை. பெட்டிக்குள் இருக்க வேண்டிய சிறிய மின்சுற்றுப் பலகையும் இல்லை. மூன்றரை அங்குல வன்தட்டு மட்டும் ஓர் உறையில் இருந்தது. அத்துடன் ஓர் அடாப்டரும், கணினித் திரையில் தோன்றிய செய்திகளை உரிமையாளர் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களும் வந்தன. பல ஆண்டுகளின் திருமணக் கோப்புகள் அத்தட்டில் இருந்தன. அவற்றுள் சில குடும்பங்களுக்கு ஆல்பம் இன்னும் அச்சாகவே இல்லை. ‘ஹெட் போய்விட்டது, சாஃப்ட்வேர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், கோப்புப் பெயர்கள் வராது’ என்பது ஒரு பழுதுநீக்கும் கடையில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த முடிவு. ஹெட் என்பது வன்தட்டில் தரவைப் படிக்கும், எழுதும் முனை.

ஆய்ந்து பார்த்ததில் அத்தட்டின் ஹெட் நலமாகவே இருந்தது. தரவு எழுதப்படும் சிறு துண்டான செக்டர் ஒன்றுகூடக் கெடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பழுதுகள் நேர்ந்திருந்தன. முதலாவது மின்சாரக் குறைவு. இரண்டாவது, அந்த முதல் பழுதைத் தவறாகக் கணித்து, அதைச் சரிசெய்ய முயன்றபோது உருவானது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்: கணினி தட்டைத் திறக்க மறுக்கிறது. இரண்டாவது பழுது மூன்றரை அங்குலப் பெட்டித் தட்டுகள் பலவற்றுக்கு நேரக்கூடியது என்பதாலும், அதற்குத் தவறான மருத்துவம் பார்த்துக் கோப்புகளை இழந்தவர்கள் உண்டு என்பதாலும் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்களிடம் வருமுன் நடந்தவை

ஒரு மின்வெட்டுக்குப் பிறகு, தட்டுடன் வந்த அசல் அடாப்டர் வேலை செய்யாமல் போயிருக்கிறது. ஸ்டூடியோவில் இருந்த இணைய ரவுட்டரின் அடாப்டரும் 12 வோல்ட்தான். அதன் முனையும் அதே துளையில் சரியாகப் பொருந்தியது. அதைச் செருகியதும் பெட்டியின் முன்விளக்கு எரிந்தது. ஆகவே மின்சாரம் வருகிறது என்று எல்லோரும் நம்பினர். ஆனால் உள்ளிருந்து டிக், டிக் என்ற ஒலி சீரான இடைவெளியில் வந்தது. விண்டோஸ் ‘அறியப்படாத யுஎஸ்பி சாதனம்’ என்ற செய்தியைக் காட்டியது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், சாதன விவரக் கோரிக்கை தோல்வியுற்றது என்ற விளக்கமும், 43 என்ற பிழை எண்ணும் இருந்ததைக் கைபேசிப் படத்தில் தெளிவாகப் படிக்க முடிந்தது. கேபிளை மாற்றியிருக்கிறார்கள், பின்பக்கத் துளையில் செருகியிருக்கிறார்கள், வேறொரு லேப்டாப்பிலும் இணைத்திருக்கிறார்கள், டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். மாற்றாமல் விட்டது அந்த அடாப்டரை மட்டுமே.

கடையில் ஒலியைக் கேட்டவுடன் ஹெட் பழுது என்று முடிவு கட்டிப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வெளியே எடுத்த தட்டைத் தங்கள் யுஎஸ்பி டாக்கில் (வெறும் வன்தட்டைச் செருகிக் கணினியுடன் இணைக்கும் தாங்கியில்) வைத்தபோது, அது ஒலி ஏதுமின்றிச் சுழன்றது, கணினியிலும் தோன்றியது. ஆனால் ‘இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்டது. கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை அழிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. பெட்டியும் பலகையும் குப்பைக்குப் போயின. உரிமையாளர் ஃபார்மேட் செய்யச் சம்மதிக்காமல் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். இந்த நிகழ்வில் கோப்புகளைக் காப்பாற்றியது முதலில் அவருடைய அந்த மறுப்புதான். எங்கள் வேலை அதற்குப் பின்னால் வருவது.

ஒலிக்கும் 43ஆம் பிழைக்கும் காரணம்

எங்களிடம் வந்த அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்றரை அங்குல வன்தட்டு ஒன்று சீராகச் சுழலும்போது இந்த அளவு போதும். ஆனால் உள்ளே நின்றிருக்கும் வட்டத் தகடுகளை முதன்முதலில் சுழற்றத் தொடங்கும் சில விநாடிகளில் அதன் மோட்டார் 12 வோல்ட் தடத்திலிருந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். கிடைக்கும் மின்னோட்டம் போதாதபோது மின்னழுத்தம் சரிகிறது, மோட்டார் உரிய வேகத்தை எட்டாமல் நின்றுவிடுகிறது, தட்டு மறுபடி முயல்கிறது, மறுபடி நிற்கிறது. டிக், டிக் என்று கேட்டது இந்த முயற்சியும் தோல்வியுமே. ஹெட் பழுதான தட்டிலும் இதைப் போன்ற ஒலி வரும் என்பது உண்மை. அதனால்தான் ஒலியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

நோயாளியான அத்தட்டைச் சோதனைக்கு உட்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லாததால், அதே வகையைச் சேர்ந்த, தரவு ஏதும் இல்லாத பழைய தட்டு ஒன்றை அந்த ரவுட்டர் அடாப்டரில் இணைத்துப் பார்த்தோம். சுமை இல்லாதபோது மல்டிமீட்டர் 12 வோல்ட்டைக் காட்டியது. மோட்டார் புறப்படும் கணத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. வன்தட்டுகள் 12 வோல்ட் தடத்தில் பொதுவாக 10 விழுக்காட்டு ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும்; அதாவது 10.8 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதே ஒலி வந்தது. அதே 43ஆம் எண்ணும் வந்தது.

பிழை எண்ணும் ஒலியும் ஒரே காரணத்தின் விளைவுகள் என்பது இதில் கவனிக்க வேண்டியது. எக்ஸ்டர்னல் பெட்டிக்குள் வன்தட்டுக்கும் யுஎஸ்பி கேபிளுக்கும் இடையே பிரிட்ஜ் சிப் ஒன்று இருக்கிறது. வன்தட்டு பேசும் சாட்டா மொழியை யுஎஸ்பி மொழியாக மாற்றுவது அதன் பணி. கணினியில் எந்த யுஎஸ்பி சாதனத்தைச் செருகினாலும், தயாரிப்பாளர் எண், சாதன எண் முதலியவை அடங்கிய 18 பைட் நீளமுள்ள ஓர் அறிமுகக் குறிப்பைக் கணினி முதலில் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வன்தட்டு அன்று, இந்தச் சிப்தான். சிப்புக்கான மின்சாரமும் அதே 12 வோல்ட்டிலிருந்து இறக்கித் தரப்படுவதால், மோட்டார் புறப்படும்போதெல்லாம் சிப்பும் விழுந்து எழுகிறது. கணினி கேட்கும் வேளையில் பதில் சொல்ல ஆள் இல்லை. முன்விளக்கு எரிவதற்கோ மிகச் சிறிய மின்னோட்டம் போதும் என்பதால் அது எரிந்துகொண்டே இருந்தது.

அடாப்டர் தேவைப்படாத இரண்டரை அங்குலத் தட்டுகளிலும் இதே குறை வேறு உருவில் வரும். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 துளை தர வேண்டியது 900 மில்லி ஆம்பியர். சில தட்டுகள் புறப்படும்போது இதற்கு மேலும் கேட்கும் என்பதால், தேய்ந்த கேபிளிலோ கணினியின் முன்பக்கத் துளையிலோ செருகும்போது அவை தடுமாறும்.

பெட்டியைத் திறக்கும் முன் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைச் செருகிப் பார்த்திருந்தால் அத்தட்டு அன்றைக்கே திறந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தட்டே தன்னைப் பற்றி எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவும் இதற்குச் சான்று தந்தது. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5ஆம் பண்பும், படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும் 197ஆம் பண்பும், திருத்த முடியாதவற்றைச் சொல்லும் 198ஆம் பண்பும் சுழியத்தில் இருந்தன. சுழலத் தொடங்க மறுமுயற்சி செய்ததைக் குறிக்கும் 10ஆம் பண்பில் மட்டும் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஹெட் பழுதான தட்டின் பதிவு இப்படி இருக்காது.

சுழலும் தட்டு ஏன் திறக்கவில்லை

இனி இரண்டாவது பழுது. தட்டைச் சரியான மின்வழங்கியில் வைத்து, எழுதுவதற்கு வழியில்லாதபடி தடுத்த பிறகு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் பார்த்தோம். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் கணக்கிடுவதால், 4 டிபி தட்டு 3726.02 ஜிபி என்று சரியான கொள்ளளவுடன் நின்றது. ஆனால் அதன் உட்பிரிவுகள் மூன்றாகத் தெரிந்தன: முதலில் 465.75 ஜிபி அளவில், எந்தக் கோப்பு முறைமையும் இல்லாத ‘ரா’ பார்ட்டிஷன் (தட்டின் தனிப்பிரிவு). அதன்பின் ஒதுக்கப்படாத 1582.25 ஜிபி, கடைசியாக, ஒதுக்கப்படாத இன்னொரு 1678.02 ஜிபி.

தட்டு முழுவதும் ஒரே பார்ட்டிஷனாகத்தான் இருந்தது என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். கோப்பு முறைமை சிதைந்திருந்தால் 3726 ஜிபி அளவுள்ள ரா பார்ட்டிஷன் தெரிய வேண்டும்; பார்ட்டிஷன்களின் எல்லைகளைக் குறிக்கும் அட்டவணையே அழிந்திருந்தால் தட்டைப் புதிதாகத் தயார்படுத்த, அதாவது இனிஷியலைஸ் செய்யச் சொல்லும் கேள்வி வர வேண்டும். இரண்டும் இல்லை. பார்ட்டிஷனின் எல்லை மட்டும் சுருங்கியிருக்கிறது, அதுவும் ஒரு கணக்கோடு சுருங்கியிருக்கிறது. 465.75 என்பதை 8ஆல் பெருக்கினால் 3726 வருகிறது. தற்செயலாகச் சிதைந்த தரவு இப்படி மிகச் சரியாக எட்டில் ஒரு பங்காகக் குறையாது. இந்த நிகழ்வின் திறவுகோல் இந்த எண்தான். 512 பைட்டுக்கும் 4096 பைட்டுக்கும் இடையிலுள்ள விகிதமும் எட்டே.

வன்தட்டில் தரவு செக்டர் என்னும் சிறு துண்டுகளாக எண்ணிடப்படுகிறது. நெடுங்காலம் ஒரு செக்டர் 512 பைட்டாகவே இருந்தது. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை, ஒரு பார்ட்டிஷன் எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்பவற்றை 32 பிட் எண்களாக எழுதி வைக்கிறது. ஆகவே 4,29,49,67,296 செக்டர்களுக்கு மேல் அதனால் சுட்ட முடியாது. 512 பைட் செக்டரில் இது 2.2 டிபி. ஜிபிடி என்ற புதிய அட்டவணைக்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 3 டிபி தட்டுகள் சந்தைக்கு வந்தபோது, ஜிபிடியைப் படிக்கத் தெரியாத 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் எங்கும் இருந்தன. எக்ஸ்டர்னல் தட்டுகளைத் தயாரித்தவர்கள் அதற்கு ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டனர்: பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப், வன்தட்டின் எட்டுச் செக்டர்களை ஒன்றாகச் சேர்த்து, 4096 பைட் அளவுள்ள ஒரே செக்டர் என்று கணினியிடம் சொல்லும். இப்போது அதே 32 பிட் எண்ணால் 17.6 டிபி வரை சுட்டலாம். எக்ஸ்பியும் தட்டைத் திறக்கும். பயனாளருக்கு இது தெரிய வேண்டிய தேவையே ஏற்படவில்லை, பெட்டி உயிரோடு இருக்கும் வரை.

பெட்டியைக் கழற்றியதும் அந்தச் சிப் போய்விட்டது. புதிய டாக்கின் சிப்போ தட்டை உள்ளபடி 512 பைட் செக்டர்களாகக் காட்டுகிறது. அட்டவணையில் எழுதியிருந்த எண்கள் மாறவில்லை. அவற்றின் அலகு மாறிவிட்டது. பொருளடக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டாக வெட்டி மறுபடி எண்ணிட்டுத் தைத்தால், 256ஆம் பக்கம் என்று சொல்லும் வரியை நம்பிப் புரட்டுகிறவருக்கு எது கிடைக்குமோ அதுதான் விண்டோஸுக்கும் கிடைத்தது.

இதை ஊகமாக விடாமல் தட்டிலேயே பார்த்து உறுதி செய்தோம். முதல் செக்டரைத் திறந்தபோது அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் 85, 170 என்ற எம்பிஆர் முத்திரை இருந்தது. 446ஆம் பைட்டில் தொடங்கும் முதல் பதிவில், தொடக்கச் செக்டர் 256 என்றும் நீளம் 97,67,54,176 என்றும் இருந்தன. இந்த நீளத்தை 512ஆல் பெருக்கினால் 465.75 ஜிபி, 4096ஆல் பெருக்கினால் 3726 ஜிபி. தொடக்கமும் அப்படியே: 512 பைட் கணக்கில் 256ஆம் செக்டர் 1,31,072ஆம் பைட்டில் விழுகிறது; 4096 பைட் கணக்கில் 10,48,576ஆம் பைட்டில் விழுகிறது. முதல் இடத்தில் வெறும் சுழியங்கள். இரண்டாம் இடத்தில், அதாவது டாக் வழியே 2048ஆம் செக்டராகத் தெரியும் இடத்தில், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் என்ற பெயரோடு, பார்ட்டிஷனின் முதல் செக்டரான பூட் செக்டர் சிதையாமல் இருந்தது. அதன் 11ஆம் பைட்டில் தொடங்கும் எண், செக்டர் ஒன்றுக்கு எத்தனை பைட் என்பதைச் சொல்வது. அங்கே 512க்குப் பதிலாக 4096 என்று எழுதியிருந்தது. சந்தேகம் அத்துடன் தீர்ந்தது.

இன்னொரு வாய்ப்பையும் விலக்க வேண்டியிருந்தது. சில எக்ஸ்டர்னல் தட்டுகளில், பயனாளர் கடவுச்சொல் ஏதும் வைக்காவிட்டாலும், பிரிட்ஜ் சிப்பே எல்லாத் தரவையும் மறையாக்கி எழுதும்; அத்தகைய தட்டின் பலகையைத் தொலைத்தால் மீட்பு மிகக் கடினமாகிவிடும். அப்படி இருந்திருந்தால் முதல் செக்டரே பொருளற்ற எண்குவியலாகத் தெரிந்திருக்கும். முத்திரையும் பூட் செக்டரும் வெளிப்படையாகப் படிக்க முடிந்ததால் இங்கே மறையாக்கம் இல்லை என்பது உறுதியாயிற்று. பழுதான பெட்டியின் பலகையை ஒருபோதும் எறியக் கூடாது என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

அட்டவணை ஜிபிடியாக இருந்திருந்தால் அறிகுறி வேறு மாதிரி வந்திருக்கும். ஜிபிடியின் தலைப்பு இரண்டாவது செக்டரில் இருக்க வேண்டும். அலகு மாறினால் 512ஆம் பைட்டில் தேடப்படும் தலைப்பு 4096ஆம் பைட்டில் கிடக்கும். எட்டில் ஒரு பங்கு என்ற தடயம் அப்போது கிடைக்காது.

ஃபார்மேட் செய்திருந்தால்

விண்டோஸ் கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். என்டிஎஃப்எஸ் முறைமையில் எல்லாக் கோப்புகளின் பெயர், இடம் ஆகியவற்றைத் தாங்கும் தலைமைக் கோப்பு அட்டவணை, அதாவது எம்எஃப்டி, பெரிய பார்ட்டிஷன்களில் வழக்கமாக 7,86,432ஆம் கிளஸ்டரில் (கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் அலகு) தொடங்குகிறது. இத்தட்டின் பூட் செக்டரிலும் அதே எண் இருந்தது. கிளஸ்டர் 4096 பைட் என்பதால் அது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவு. புதிதாக ஃபார்மேட் செய்தாலும் அதே 3 ஜிபி தொலைவில்தான் புதிய எம்எஃப்டி உருவாகியிருக்கும். ஆனால் பிழையான பார்ட்டிஷன் 896 கேபி முன்னதாகத் தொடங்குவதால், புதிய அட்டவணை பழைய அட்டவணைக்கு 896 கேபி முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். 512 பைட் செக்டர் உள்ள தட்டில் ஒரு கோப்புக்கான பதிவு 1 கேபி. தட்டு சரியாகிவிட்டது என்று நம்பி அடுத்த திருமணத்தின் படங்களை நகலெடுத்திருந்தால், ஏறத்தாழ 900 கோப்புகளுக்குள் புதிய பதிவுகள் பழைய அட்டவணையின் தலைப்பகுதியின் மேல் ஏறியிருக்கும். ஒரு திருமணத்தில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

மீட்ட முறை

முதல் வேலை, தட்டு முழுவதையும் பைட் மாறாமல் இன்னொரு தட்டில் படிமமாக எடுப்பது. 4 டிபி தட்டின் படிமக் கோப்பு, ஃபார்மேட் செய்த 4 டிபி தட்டில் அடங்காது. ஆகவே 6 டிபி தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். லினக்ஸில், செருகியதும் தட்டைத் தானாகத் திறக்கும் தானியங்கி மவுன்ட்டை அணைத்து, நோயாளித் தட்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, படிமம் எடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை இயக்கினோம். விநாடிக்குச் சராசரியாக 150 எம்பி என்ற வேகத்தில் இந்த வேலைக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். 7,81,40,37,168 செக்டர்களும் பிழையின்றிப் படிக்கப்பட்டன. அதன்பிறகு அசல் தட்டைத் தொடவே இல்லை.

அடுத்தது, தொலைந்துபோன பிரிட்ஜ் சிப் செய்துவந்த வேலையை மென்பொருளால் செய்வது. ஒரு கோப்பை வன்தட்டு போலக் காட்டும் லூப் சாதனம் லினக்ஸில் உண்டு. அதன் செக்டர் அளவை நாமே குறிப்பிடும் வசதி, லினக்ஸின் கருநிரலான கர்னலின் 4.14 பதிப்பு முதல் இருக்கிறது. லூப் சாதனத்தை அமைக்கும் லோசெட்டப் கட்டளையில் செக்டர் அளவு 4096 என்றும், படிக்க மட்டும் என்றும், பார்ட்டிஷன்களைத் தேடு என்றும் சொல்லிப் படிமத்தை இணைத்தவுடன், 3726 ஜிபி அளவுள்ள ஒரே பார்ட்டிஷன் தோன்றியது. அதை மவுன்ட் செய்ததும் ஆண்டு, மாதம், குடும்பப் பெயர் என்று ஸ்டூடியோ வைத்திருந்த அடுக்கு அப்படியே திறந்தது. எதையும் பழுதுபார்க்க வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் எதுவும் பழுதாகியிருக்கவில்லை.

கோப்புப் பெயர்கள் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் சொன்ன சாஃப்ட்வேர் மீட்பு, தட்டைத் துழாவிப் படக்கோப்புகளின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் முறை. படங்கள் கிடைக்கும், எந்தப் படம் எந்தக் குடும்பத்துடையது, எது முகூர்த்தம், எது வரவேற்பு, வாடிக்கையாளர் ஆல்பத்துக்கென்று தேர்ந்தெடுத்த தொகுப்பு எது என்பவை கிடைக்கா. பல இலட்சம் படங்களை மீண்டும் பிரித்து அடுக்குவது ஒரு சிறு ஸ்டூடியோவால் நடக்கக்கூடிய வேலை அன்று.

பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும் 512 பைட் கணக்குக்குத் திருத்தி எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இத்தட்டில் அது பாதி வழியே போகும்: பூட் செக்டருக்குள்ளும் 4096 என்று இருப்பதால் அட்டவணை சொல்வதும் கோப்பு முறைமை சொல்வதும் முரண்படும். மேலும், 3726 ஜிபி பார்ட்டிஷனை 512 பைட் செக்டர்களில் எம்பிஆரால் எழுதவே இயலாது. அசல் தட்டில் எதையும் எழுதாமல் கோப்புகளை வெளியே எடுப்பதே இங்கே சரியான வழி.

ஆல்பம் அச்சாகாமல் நின்ற குடும்பங்களின் அடைவுகளை முதலில் நகலெடுத்து உரிமையாளரிடம் கொடுத்தோம், மற்றவை அதன்பின். நகலையும் படிமத்திலுள்ள கோப்புகளையும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிகாண் எண் கொண்டு ஒப்பிட்டோம். வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து எடுத்த படங்களையும் வீடியோக்களையும் உரிமையாளரே அமர்ந்து திறந்து பார்த்தார். அவர் திருப்தி தெரிவித்த பிறகே அசல் தட்டில் ஸ்மார்ட் நீள்சோதனையை ஓட்டினோம். அது பிழையின்றி முடிந்ததால், புதிய பெட்டியில் வைத்து, ஜிபிடி அட்டவணையுடன் ஃபார்மேட் செய்து, இரண்டாம் நகலைத் தாங்கும் தட்டாகத் திருப்பித் தந்தோம். அந்தப் பெட்டி 512 பைட் செக்டர்களாகவே காட்டுகிறது என்பதையும், அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்பதையும் பெட்டியின் அடியில் எழுதி ஒட்டினோம். மற்றவர் வீட்டுத் திருமணப் படங்கள் எங்களிடம் தங்கக் கூடாது என்பதால், உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்ததும் 6 டிபி தட்டிலிருந்த படிமத்தை மேலெழுதி அழித்துவிட்டோம்.